40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஒரு சர்வர்!

ஆழியாறைத் தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அவை செல்ஃபி ஸ்பாட். மேலே ஆபீஸில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு? ஒரு ஹார்டு டிஸ்க் செத்தால், மாற்று டிஸ்க் அத்தனை வளைவும் ஏறித்தான் வர வேண்டும். பருவமழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அதுவும் வராது.

ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை கிலோ இலை பறித்தார் என்ற எடைக்கணக்கு சர்வரில் இருக்கிறது. அது தொலைந்தால், கூடுதலாகப் பறித்த கிலோவுக்கான ஊக்கத்தொகையை எதைக் காட்டிக் கேட்பார் அந்த அக்கா?

இதற்குத்தான் ‘ரெய்டு’. (வருமான வரி ரெய்டு இல்லை, பயப்படாதீங்க!) பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து, ஒன்று போனாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த பெயர். அதில் ‘ஐ’ என்ற எழுத்துக்கு ‘மலிவான’ என்று அர்த்தம். இன்றைய டிஸ்க் விலையைப் பார்த்தால்... சரி, விடுங்கள்.

4 டிபி டிஸ்க் நான்கு இருக்கின்றன. ரெய்டு 5 போட்டால் 12 டிபி இடம் கிடைக்கும். 5, 3, 7, மொத்தம் 15 என்று எழுதிவைத்தால், 3 அழிந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். ரெய்டு 10 என்றால் 8 டிபிதான். எல்லாமே இரட்டைப் பிரதி.

கை 12-க்குத்தான் போகும். ஆனால் ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனபின், புது டிஸ்க் வந்து, மிச்ச மூன்றையும் முழுசாகப் படித்து மீட்டு முடியும்வரை இன்னொன்று போகக் கூடாது. போனால் மொத்தமும் போச்சு. நான்கையும் ஒரே நாளில் வாங்கியிருந்தால் நான்குக்கும் வயசும் ஒன்றுதானே! கோவையில் அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கிவிடலாம். வால்பாறையில் மழை விட வேண்டும். ரெய்டு 10-ல் ஜோடி டிஸ்க்கை மட்டும் நகலெடுத்தால் போதும், சீக்கிரம் முடியும். ஆகவே மலைக்கு 8 டிபியே மேல். ஐந்தாவதாக ஒரு டிஸ்க்கை இப்போதே வாங்கி பீரோவில் வைத்துவிடுவது அதைவிட மேல்.

அடுத்தது பார்ட்டிஷன். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிதான். சிஸ்டத்துக்கு ஒரு அறை, எடைக்கணக்குக்கு ஒன்று, சர்வர் தானாக எழுதிக்கொண்டே போகும் லாக் ஃபைல்களுக்கு ஒன்று. எல்லாம் ஒரே அறையில் இருந்தால், லாக் ஊதிப் பெருத்து இடத்தை அடைத்துவிடும். சம்பள நாளன்று ஒரு வரிகூட ஏறாது.

இவ்வளவும் செய்தாலும் ரெய்டு பேக்கப் ஆகாது. யாராவது தவறுதலாக டெலிட் செய்தால் இரண்டு பிரதியிலும் ஒரே நொடியில் அழியும். தனியாக ஒரு காப்பி எடுத்து, பாஸ்வேர்டு போட்டு, வாராவாரம் பொள்ளாச்சிக்கு இறங்குகிற யாராவது ஒருவர் பையில் கொடுத்தனுப்புங்கள்.