பெயர்: காவேரி, பால்: ஆண்

கடைக்காரர் முயல் இரண்டும் பெட்டை என்றார். ஒவ்வொன்றாகத் தூக்கி, மல்லாத்தி, வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்துச் சொன்னார். வெள்ளைக்குப் பொன்னி என்றும் சாம்பல் நிறத்துக்குக் காவேரி என்றும் மகள் பெயர் வைத்தாள். கரந்தையில் வடவாற்றங்கரையில் வளர்கிற பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

ஆடியில் வந்தவை. கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலை பார்த்தால், பொன்னி தன் ரோமத்தைப் பிய்த்து மெத்தை போட்டிருக்கிறது. மெத்தைக்குள் கண் திறக்காத ஐந்து குட்டிகள். முயலுக்குச் சினை ஏறக்குறைய 31 நாள். விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினேன். ஐப்பசி அடைமழையில் இரண்டும் மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக் கிடந்த நாட்களில் போய் நின்றது கணக்கு.

ஈன்ற அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கிற உடம்பு முயலுக்கு. காவேரியை அன்றே வேறு கூண்டுக்கு மாற்றினோம். பால் மறந்ததும் குட்டிகளைத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். வளர்க்கவா, குழம்புக்கா என்று அவர்களில் இருவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும். நம் பக்கத்தில் முயல் வளர்ப்பு என்றாலே கறிதான் முதலில் நினைவுக்கு வரும். நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரிலும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் என்று இனம் பார்த்து வளர்க்கிறார்கள். அங்கெல்லாம் நிறையக் குட்டி போட வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. போடாமல் இருக்க வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு அலைந்தவன் நான்.

டாக்டர்கள் கருத்தடை என்பார்கள். எங்கள் பக்கத்துச் சொல் காயடிப்பது. கொஞ்சம் நாசூக்காகச் சொல்ல நினைப்பவர் விதையடிப்பது என்பார். நெல் விளைகிற ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் மனசு ஒருகணம் வயலுக்குப் போய்விட்டுத்தான் திரும்பும்.

நகரத்தில் ஒரு கிளினிக்குக்கு முதலில் போன் செய்தேன். எடுத்தவர், ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து பட்டினி. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று அப்பாயி சொல்லிச் சொல்லியே எங்கள் காய்ச்சலையெல்லாம் ஓட்டினாள்.

அங்கே போகாமல் தப்பியது தற்செயல். 2012-ல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. சரபோஜி காலத்து முத்தம்பாள் சத்திரம் இருக்கிறதே, அதே ஒரத்தநாடு. அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் மருத்துவரைப் பற்றி மகளின் பள்ளித் தோழி வீட்டில் சொன்னார்கள். பட்டினி பற்றி நான் சொன்னதைக் கேட்டதும் அந்த டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், அது நாய்க்கும் பூனைக்கும் சொல்றது. மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிடக் கூடாதுன்னு. முயலால வாந்தியே எடுக்க முடியாது. அதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா ஆபரேஷன் நல்லா நடந்தும் முயல் போயிடும். காலையில கிளம்புற வரைக்கும் புல்லு கொடுங்க. அது வழக்கமாத் திங்கறதையும் ஒரு பையில கொண்டாங்க."

பிறகு படிவம் எழுதினார். 'பெயர்: காவேரி. பால்: ஆண்.' எழுதிவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

மயக்க மருந்து என்றால் எனக்கு உதறல். அதற்குக் காரணம் இருந்தது. பிரிட்டனில் 2008-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து சார்ந்த இறப்பு நாய்களில் நூற்றுக்கு 0.17, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நாயைப் போல் எட்டு மடங்கு. முயலுக்குத் தொண்டை இடுக்கு. குழாய் விடுவது கஷ்டம். பயம் சீக்கிரம் பிடிக்கும், உடம்புச் சூடு சட்டென்று இறங்கும். இதைப் படித்துவிட்டு ரத்து செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இன்னொரு கார்த்திகை, இன்னொரு ஐந்து குட்டி, இன்னும் இரண்டு பேரிடம் கேட்கத் தைரியம் வராத கேள்வி.

காவிரிப் பாசனக் கணக்குப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூட வேண்டும். எங்கள் காவேரிக்கு நாள் கிடைத்தது ஜனவரி 29. கண்டியூரிலிருந்து பெரியப்பா போனில் சிரித்தார். "நேத்து அங்க மதகை மூடினான், இன்னைக்கு நீ இங்க மூடுற. நடத்து."

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடமுருட்டிக் கரையில் ஆறு ஜோடி மாடு கட்டி உழுதவர். எருதுக்குக் காயடிப்பதைச் சின்ன வயதில் அவர் கொல்லையில்தான் நான் பார்த்தேன். நாலு காலையும் சேர்த்துக் கட்டிச் சாய்த்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்குவார்கள். மயக்கம் கிடையாது, வலிக்கு ஒன்றும் கிடையாது. அந்தச் சத்தம் கேட்காமலிருக்க நான் குளத்துப் பக்கம் ஓடியிருக்கிறேன். பின்னால் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து பர்டிசோ இடுக்கியோடு ஆள் வந்தபோதும் மாட்டுக்கு அப்படியொன்றும் சுகமாகிவிடவில்லை. அப்புறம் டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது, மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. இப்போது அவர் தொழுவத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

ஆபரேஷன் அரைமணி நேரத்தில் முடிந்தது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் காவேரியைப் படுக்க வைத்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். கூண்டில் மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் பழைய எட்டு முழ வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது, நாலாக மடிந்து அதற்கு மெத்தையாயிற்று. வலிக்கு மெலோக்சிகாம் சொட்டு மருந்து, சிரிஞ்சில் அளந்து. மெடிக்கல் கடையில் அமாக்சிசிலின் அது இது என்று எதையாவது வாங்கி வாயில் ஊற்றிவிடாதீர்கள், முயல் குடலில் இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினார் டாக்டர். கழுத்தில் கூம்பும் மாட்டவில்லை. முயல் தன் மெதுப் புழுக்கையை வாய் வைத்து எடுத்துத் தின்ன வேண்டும். கூம்பு அதைத் தடுத்துவிடும்.

ராத்திரி ஏழு மணிக்குப் பெரியப்பா வந்து இறங்கினார். கூடவே பெரியம்மா, ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக்கொண்டு. கிண்ணத்தை வாங்கி மேலே பரணில் வைத்தேன். பெரியம்மா அப்புறம் என்னோடு பேசவில்லை.

பெரியப்பா காயத்தைப் பார்க்கவே இல்லை. கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வாய் அசையுதா?"

"இல்ல பெரியப்பா."

"புழுக்கை?"

"இன்னும் இல்ல."

"அப்ப தூங்காத. மாட்டுக்கு அடிச்சா நாங்க காயத்தையா பார்ப்போம்? அசை போடுதா, சாணி போடுதான்னு பார்ப்போம். அசை போட்டுடுச்சுன்னா வண்டிக்கு ஆகும்."

டாக்டர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் உடனே கூப்பிடவும் என்று இருந்தது. முயல் அசைபோடும் பிராணி அல்ல. ஆனால் அதுவும் ஒரே தீனியை இரண்டு தடவை தின்கிறது. மாடு வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதை முயல் சுற்றுவழியில் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். நாலு வருஷமாக வேலையில்லாமல் கிடந்த பெரியப்பாவின் மாட்டு வைத்தியத்துக்கு அன்றைக்கு ஒன்றரைக் கிலோவில் ஒரு நோயாளி கிடைத்தது.

எட்டு மணி, ஒன்பது மணி. காவேரி முதுகைக் குவித்து, கண்ணைப் பாதி மூடி, மூலையில். பெரியப்பா திடீரென்று கையைக் காட்டி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பல்லை நறநறவென்று அரைக்கிற சத்தம். வலி. முயல் லேசில் கத்தாது, எதிரிக்குக் காட்டிக்கொடுக்காத ஜாதி. அந்த நறநறப்பும் குவிந்த முதுகும்தான் அதற்குப் புலம்பல். டாக்டருக்கு போன் போட்டேன். மருந்தின் அடுத்த வேளை எப்போது என்று சொன்னார். பெல்லட்டைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்து, கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுக்கச் சொன்னார். நேரே தொண்டைக்குள் அடித்தால் புரையேறிவிடும். மகள் முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மில்லி உள்ளே போக இருபது நிமிஷம் ஆனது. அதில் பாதி துண்டு குடித்தது.

பதினொன்றரைக்குப் பெரியப்பா அடுப்படிக்குப் போய் சாம்பாருக்கு வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டை எடுத்துவந்தார். ஒரு கிள்ளு மூக்கருகில் நீட்டினார். மூக்கு துடித்தது. இன்னொரு கிள்ளு. பிறகு அந்த வாய், பக்கவாட்டில், தையல் மிஷின் போல ஓடத் தொடங்கியது. யாரும் கைதட்டவில்லை. மகள் மட்டும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புழுக்கைதான் வரவில்லை. டார்ச்சை வேட்டிமேல் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரசுவதி மகாலில் யானைக்கும் குதிரைக்கும் சாஸ்திரம் எழுதிப் படமும் போட்டு வைத்திருக்கிறார்கள். முயலுக்காக ஒருவர் ஓலை கீறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுதியிருந்தால் இந்த இடத்தில் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். மூன்றே முக்காலுக்குப் பெரியப்பா என் தோளைத் தட்டினார். உள்ளங்கையில் மிளகளவு ஏழு உருண்டைகள்.

"சின்னதா இருக்கு. காஞ்சிருக்கு. தண்ணி காட்டு. ஆனா வந்துடுச்சு."

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. மூன்றாம் நாள் புழுக்கை பழைய அளவுக்கு வந்தது. ஈ மொய்க்காமல் கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டினோம். நம் ஊரில் காயத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைக்க ஒருநாள் போதும். பத்தாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டுச் சரி என்றார். அடித்துவிட்டாலும் சில வாரம் ஆண் முயலுக்குப் பழைய வீரியம் மிச்சம் இருக்கும் என்பதால் ஆறு வாரம் இரண்டு கூண்டுக்கும் நடுவில் கம்பிவலை. பங்குனியில் அதையும் எடுத்துவிட்டோம். பொன்னி முதலில் ஒரு கடி கடித்தது. பிறகு இரண்டும் ஒரே மூலையில்.

தீனிதான் இப்போது என் பாடு. தை அறுவடை முடிந்து கண்டியூர் வரைக்கும் வயலெல்லாம் வைக்கோல் உருளைகள் கிடந்த நாளில், கடல் கடந்து வந்த திமோத்தி புல் பொட்டலம் ஒன்று கூரியரில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. விலையைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. வைக்கோல் படுக்கைக்கு ஆகும். முயலுக்குத் தீனியாக அதில் சத்து போதாது. அருகம்புல் நன்றாகவே ஆகும். ஆனால் வரப்பில் முளைப்பதற்கெல்லாம் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள், அதை எடுத்துப் போடப் பயம். இப்போதைக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் மாலை விற்கிற அம்மாளிடம்தான் வாங்குகிறேன். அவர் கொடுக்கிற பிடி பிள்ளையாருக்குப் போதும், இந்த இரண்டுக்கும் போதாது.

தஞ்சாவூர், திருவையாறு பக்கம் வரப்பில் மருந்து அடிக்காத வயல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். வாரம் இரண்டு கட்டு அருகம்புல் வேண்டும். அறுத்துக்கொள்ள நானே வருகிறேன், காசும் கொடுத்துவிடுகிறேன்.