மாமாவின் கேள்வியும் பூட்டிய பக்கங்களும்

கடந்த தவணை விடுமுறையில் மாமா எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். அம்மா கொடுத்த தேநீரை ஆறவிட்டபடி, "ஏம்மா, நீ மருத்துவ ஆய்வெல்லாம் படிக்கிற புள்ளதானே? எனக்கு வந்த அந்தக் காய்ச்சல் திரும்ப வருமா?" என்று கேட்டார்.

நான் பிறக்கும் முன்பே நடந்தது அது. நெகிரி செம்பிலான், புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பன்றிப் பண்ணை ஒன்றில் மாமா வேலை செய்து வந்தார். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள், கொசுவுக்குப் புகையடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே கிருமிக்கும் வந்தது. நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டது. 105 பேர் இறந்தனர். மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருக்குச் சாதாரணத் தலைவலி வந்தாலும் அத்தைக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது.

மாமாவின் கேள்விக்கு விடை தேடி மடிக்கணினியைத் திறந்தேன். நிப்பாவிலிருந்து பிழைத்த மலேசியர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் எழுதிய ஆய்வே கிடைத்தது. சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டது அந்த வெளிநாட்டு இதழ். ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். அம்மாவின் மூன்று நாள் தொழிற்சாலைச் சம்பளம்! நோய் எங்கள் ஊருடையது, நோயாளிகள் எங்கள் மக்கள். படிக்க மட்டும் எங்களுக்கு அனுமதியில்லை.

பிறகுதான் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக நுழைய முயன்றேன். அரை நிமிடத்தில் திறந்தது. மூன்று ஆண்டுகளாக எந்தக் கட்டுரையைத் தட்டினாலும் திறந்ததால் அறிவு இலவசம் என்றே நம்பியிருந்தேன். என் பெயரில் யாரோ சந்தா கட்டிக்கொண்டிருந்தது உறைக்கவே இல்லை. அடுத்த ஆண்டு என் மாணவர் அட்டை காலாவதியாகும். பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன்மாரும் அக்காமாரும் இந்த அனுபவத்தை ஏற்கெனவே பெற்றிருப்பீர்கள்.

அன்றிரவு தேடலில் இன்னொன்றும் கண்டேன். நிப்பா பற்றி அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ஆய்வுகள் பல, எந்த நுழைவுச் சொல்லும் கேட்காமல் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் திறந்தே கிடந்தன. காரணம் ஒரு சட்டம். அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் 2005-இல் ஆய்வாளர்களிடம், "கட்டுரைகளைப் பொதுமக்களுக்குக் கொடுங்கள்" என்று வேண்டுகோள்தான் விடுத்தது. கேட்டவர்கள் குறைவு. எனவே 2008 ஏப்ரல் முதல், வெளியான 12 மாதத்திற்குள் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 2025 ஜூலை முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை. மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு மக்களுக்கே என்பதுதான் வாதம். அமெரிக்கர் கட்டிய வரிக்குச் சிரம்பானில் உட்கார்ந்திருந்த நான் பலன் அனுபவித்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நம் அரசு 2019-இல் மலேசியத் திறந்த அறிவியல் தளத்தைத் தொடங்கியது. அது முதன்மையாக ஆய்வுத் தரவுகளைப் பகிர்வதற்கானது. கட்டுரைகளுக்கும் அப்படியொரு கட்டாயம் வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதியவரிடம் வாங்கும் இதழ்களும் உண்டு. ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான டாலர். அந்த வழியில் போனால் நம் விரிவுரையாளர்கள் பாடு திண்டாட்டம்தான். இங்கிருந்தே இலவசமாக வெளிவரும் நியூராலஜி ஏசியா போன்ற இதழ்களை வளர்ப்பது எனக்கு நல்ல வழியாகத் தோன்றுகிறது. அதில் 2012-இல் வந்த ஒரு கட்டுரையைத்தான் அடுத்துப் படித்தேன். படித்ததும் கை நடுங்கியது.

முதல் ஆய்வில், பிழைத்த சுமார் 160 பேரில் 12 பேருக்கு நோய் திரும்பியிருந்தது, பெரும்பாலும் மாதக்கணக்கில். இரண்டாவது, பதினொரு ஆண்டுகள் கழித்து மூளையழற்சி கண்ட ஒருவரைப் பற்றியது. "மாமாகிட்ட அதச் சொல்லாதே" என்றார் அம்மா. இரண்டு நாள் யோசித்தேன். கேட்டவர் அவர், நோய் அவருடையது.

ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழாக்க, தமிழ்ப்பள்ளியில் கற்ற ஆறாண்டுத் தமிழையெல்லாம் துழாவினேன். இடைநிலைப்பள்ளியில் அறிவியலுக்கு அந்தச் சொற்கள் தேவைப்படவே இல்லை. மாமா பொறுமையாகக் கேட்டார். "எனக்கு இருபத்தஞ்சு வருசம் தாண்டிருச்சே?" என்றார். "ஆமாம் மாமா, திரும்புறது ரொம்ப அரிது. ஆனா திடீர்னு வலிப்போ குழப்பமோ வந்தா, உங்களுக்கு நிப்பா வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லணும்" என்றேன்.

கடையில் அச்செடுத்து வந்த இரண்டு கட்டுரைகளையும் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இருந்தும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு அவற்றை மடித்து, கிளினிக் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, அத்தையிடம் நீட்டினார்.