இருந்த இடத்திலே திருத்துதல்

கணிப்பொறியோடு உரையாடும் வழிகளுள் கட்டளை வரி பழையது. நாம் ஒரு வரி எழுதுகின்றோம். 'ஷெல்' என்னும் நிரல் அதனைப் பெற்று நிறைவேற்றுகின்றது. அந்த ஷெல் சில பெயர்களையும் அவற்றிற்குரிய மதிப்புகளையும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். இவற்றை மாறிகள் என்பர். அவற்றுள் தலையாயது, வழி எனப் பொருள்படும் 'பாத்'. நாம் இடும் கட்டளைக்குரிய நிரலை எந்தெந்த அடைவுகளில் தேடவேண்டும் என்பதனை, முக்காற்புள்ளியாற் பிரித்து வரிசையாகக் கூறுவது அது.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதுகலை மாணவர் ஒருவர், புதிதாய் நிறுவிய நிரலின் அடைவை இம்மாறியிற் சேர்க்க முற்பட்டார். பழைய மதிப்பை விடுத்துப் புதிய அடைவை மட்டும் எழுதிவிட்டார். அடுத்து, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை இட்டார். அத்தகைய கட்டளை காணப்படவில்லை என்றது ஷெல். நகலெடுக்கும் 'சிபி' கட்டளைக்கும் அதே விடை. மூன்று திங்கள் உழைத்துத் தொகுத்த அளவீடுகள் அழிந்தன என்றே கருதி முகம் வெளிறினார். "ஐயா, எல்லாம் போய்விட்டதே!" என்றார். கோப்புகள் வட்டிலே பத்திரமாக இருந்தன. அவற்றைக் காட்டும் நிரலுக்குச் செல்லும் வழியே மறைந்திருந்தது. சாளரத்தை மூடித் திறப்பின் வழி மீளும். ஆயின், காலை முதல் அவ்வமர்வில் அவர் அமைத்திருந்த ஏனைய மாறிகளெல்லாம் மறைந்துபோம்.

நல்ல காலமாக, அவர் வழங்கியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராயிருந்த பால் ஃபால்ஸ்டட் 1990-இல் இயற்றிய 'இசட்-ஷெல்'. அதில் 'வேரெட்' என்றொரு கட்டளை உண்டு. 'வேரியபிள்', 'எடிட்' என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகள் கூடிய பெயர். அது அடைவுகளிலே தேடப்படும் தனி நிரலன்று, ஷெல்லினுள்ளேயே அமைந்தது. ஆதலின் பாத் சிதைந்த நிலையிலும் இயங்கும். 'வேரெட் பாத்' என்று எழுதச் சொன்னேன். மாறியின் மதிப்பு அவ்வாறே வரியில் வந்து நின்றது. சுட்டியை இறுதிக்கு நகர்த்தி, விடுபட்ட அடைவுகளைச் சேர்த்து, என்டர் விசையை அழுத்தினார். கோப்புகளின் பட்டியல் திரையில் இறங்கியது. அம்மாணவர் முகத்தில் மீண்ட நிறத்தை யான் எளிதில் மறவேன்.

இக்கட்டளையின் சிறப்பு இடர்க்காலத்தோடு முடிவதன்று. நீண்ட மதிப்பை முழுதும் மீள எழுதுங்கால் ஒரு முக்காற்புள்ளி தவறினும் இரண்டு அடைவுகள் ஒன்றாய் ஒட்டி இரண்டுமே பயனற்றுப்போம். வேரெட்டில் மாற்றவேண்டிய எழுத்தை மட்டும் மாற்றுகின்றோம். மனம் மாறின் 'கன்ட்ரோல்-சி' அழுத்தினாற் போதும். பழைய மதிப்பு குலையாது. மாறியின் பெயரைப் பிழைபட எழுதினால், இல்லாத பெயர் என்று மறுத்துவிடும். சாதாரண முறையில் மதிப்பை இடும்போதோ, ஷெல் வாய் திறவாமல் அப்பிழைப் பெயரிலேயே புதிய மாறியொன்றைப் படைத்துவிடும். அம்மௌனமே எனக்கு அச்சந்தருவது.

'பாஷ்' ஷெல்லில் வேரெட் இல்லை. 2009-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு முதல் 'ரீட்' கட்டளையோடு 'ஈ', 'ஐ' என்னும் இரு குறிகளைச் சேர்த்து ஏறத்தாழ அதே பயனைப் பெறலாம், சற்றே சுற்றுவழி. எவ்வழியிற் செய்யினும் திருத்தம் அவ்வமர்வளவில் நிற்பதே. மறுநாளும் வேண்டுவோர் தொடக்கக் கோப்பிலும் அதனை எழுதிவைத்தல் வேண்டும்.