வாய்க்கணக்கு

பிரிண்டர் என்றைக்காவது உங்களை அவமானப்படுத்தியிருக்கிறதா? பட்டனை அமுக்குவீர்கள். அனுப்பியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்யும். பச்சை விளக்கு எரியும். பேப்பர் மட்டும் வராது.

2013-ல் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தேவனாம்பட்டினத்தில் இந்தக் கூத்தை நேரில் பார்த்தேன். பெரியார் அரசு கலைக் கல்லூரியைத் தாண்டி சில்வர் பீச்சுக்குப் போகிற ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. மணி ஒன்பதரை. கரண்ட் கட்டுக்குப் பேர்போன வருஷம் அது. அந்த நேரத்துக்குத் திறந்திருந்தது அந்த ஒரு கடைதான். பென் டிரைவோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மறுநாள் காலையில் சிதம்பரத்தில் போட்டித் தேர்வு. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும். வாசலில் அவள் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"மத்தியானம் வரைக்கும் சூப்பரா ஓடுச்சு சார்" என்று கடைக்காரர் என்னிடம் முறையிட்டார், ஏதோ நான் மெக்கானிக் என்பது போல. நான் படித்தது பி.காம்.

விஷயம் இதுதான். கண்ட கண்ட பென் டிரைவும் வந்து வைரஸ் தாங்காமல், அன்று காலையில்தான் லினக்ஸுக்கு மாறியிருந்தார். போட்டுக் கொடுத்தவன் தெருக்கோடி காலேஜ் பையன். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்கிற நம்மூர் லினக்ஸும் வந்ததே, அதில் கை பழகியவன். அவனுக்குப் போன் போட்டோம். எடுத்ததும் கேட்டான்: "அண்ணே, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணீங்களா?"

ஆமாம். சாயந்திரம் கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் படுத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கெர்னல் என்பது லினக்ஸின் கருவறை. எந்தச் சாதனத்தைத் தொடுவதானாலும் அதன் வழியாகத்தான். உள்ளே போய் வேலை செய்கிற குருக்கள்களுக்கு மாட்யூல் என்று பெயர். அந்தப் பிரிண்டருக்குக் கம்பெனி கொடுத்த டிரைவரோ வெளியே, அர்த்த மண்டபத்தில் நிற்கிற ரகம். தேங்காய் பழத்தட்டை நீட்டும். உள்ளிருந்து யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க வேண்டிய குருக்கள் பெயர் 'யுஎஸ்பிஎல்பி'. அவர் வரவில்லை என்றால் தட்டை நீட்டியபடி நிற்கும். வாயைத் திறந்து 'குருக்கள் எங்கே?' என்று கேட்காது.

அவர் ஏன் வரவில்லை? இன்னொருவர் தடை போட்டிருந்தார். லினக்ஸில் அச்சு வேலையைப் பார்க்கிற 'கப்ஸ்' அந்த வருஷங்களில் பிரிண்டரோடு தானே நேரடியாகப் பேசப் பழகியிருந்தது. நடுவில் யுஎஸ்பிஎல்பி இருந்தால் இடைஞ்சல் என்று, உபுண்டுவில் ஒரு ஃபைலில் அவர் பெயரைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்தில் இருந்தது அது ஒன்றுதான். 'எனக்கு யுஎஸ்பிஎல்பி வேண்டும்' என்று கம்பெனி டிரைவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நான் கப்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அது தன் கட்சியை எழுத்தில் வைத்துவிட்டது.

மாட்யூல்கள் ஒன்றையொன்று நம்பியிருந்தால் கவலையில்லை. 'டெப்மாட்' என்று ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். யாருக்கு யார் வேண்டும் என்று அவரே பேரேடு எழுதிவிடுவார். ஆனால் அவர் கணக்கு கருவறைக்குள் மட்டும்தான். வெளியே நிற்கிற புரோகிராமுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அதை மனிதர்கள் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

பையன் காலையில் என்ன செய்திருந்தான் என்றால், யுஎஸ்பிஎல்பியைக் கையால் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான். அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தடைப்பட்டியலையும் மீறி வந்துவிடுவார். வேலை ஓடியது, அவன் வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் பாஷையில் இதற்கு வாய்க்கணக்கு என்று பெயர். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று கல்லாவிலிருந்து எடுப்போமே, அது. கடையை மூடித் திறந்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் கடைசியில் பொடி எழுத்தில் குறிப்புகள் வரும், பார்த்திருப்பீர்கள். இன்ன கேஸ் நிலுவையில் இருக்கிறது, இன்னாருக்கு ஜாமீன் நிற்கிறோம் என்று. லாபக் கணக்கைவிட அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பார் எங்கள் வாத்தியார். அந்த டிரைவரில் பொடி எழுத்தே இல்லை.

பையன் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, கடைக்காரர் இரண்டு விரலால் தட்டினார். முதலில் 'மாட்ப்ரோப்', ஒரு இடைவெளி, பிறகு யுஎஸ்பிஎல்பி. நடுவில் ஒரு எழுத்து பிசகி, மறுபடி முதலிலிருந்து. பிறகு அந்த டிரைவரை நிறுத்தித் திரும்பக் கிளப்பச் சொன்னான். பிரிண்டர் தொண்டையைச் செருமியது. அந்தப் பெண் கையை நீட்டிவிட்டாள், பேப்பர் பாதி வரும்போதே. வந்தது ஒன்று இல்லை, நாலு. சாயந்திரத்திலிருந்து அவரும் அவளுமாக அமுக்கிய எல்லாமே வரிசையில் காத்திருந்திருக்கின்றன.

ஒரு பிரதிக்குத்தான் காசு வாங்கினார்.

மறுநாள் பையன் வந்து இரண்டு காரியம் செய்தான். தடைப்பட்டியலில் அந்த வரிக்கு முன்னால் ஒரு '#' போட்டு அதைச் செல்லாததாக்கினான். 'மாட்யூல்ஸ்' என்ற ஃபைலில் யுஎஸ்பிஎல்பி என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தான். மெஷின் கிளம்பும்போதெல்லாம் அந்த ஃபைலைப் பார்த்து, பெயர் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். இன்றைய லினக்ஸ்களில் இதற்கென்று 'மாட்யூல்ஸ்-லோட்' என்று தனி ஃபோல்டரே உண்டு. டிரைவர் செய்கிறவர் தனக்கு வேண்டியவர் பெயரை ஒரு சின்ன ஃபைலில் எழுதி, கூடவே அனுப்பிவிடலாம். ஒரு வரி வேலை.

"இந்த ஒரு வரியை அந்தக் கம்பெனிக்காரன் எழுதக் கூடாதா சார்?" என்றார் கடைக்காரர். பையன் பதில் சொல்லவில்லை. அவனும்தானே எழுதாமல் போனான்.

அவர் யாரையும் நம்பத் தயாராக இல்லை. கெட்டி அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் அந்தக் கட்டளையைக் கொட்டை எழுத்தில் எழுதி, பிள்ளையார் படத்துக்குக் கீழே செல்லோ டேப் போட்டு ஒட்டிவிட்டார்.