ஒன்பதாவது ஆள்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி, பாம்பன் கடலில் நான் விழாத நாளே இல்லை. "மூக்கை ரொம்ப தூக்காதடா, வேகம் செத்துரும்"னு சொல்லித்தந்தது எங்க தெரு அண்ணன்தான். வாட்சிம்மில் வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து பறப்பார். நிஜ விமானி ஆக அவருக்குக் கண்பார்வை போதலை.

நான் சலிச்சுக்கிட்டா கலாம் ஐயா கதைதான். டேராடூன் விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேருக்குத்தான் இடம்; நம்ம ராமேஸ்வரத்துக்காரர் ஒன்பதாவது! ஆனா 2006 ஜூன் 8-ல், 74 வயசுல, புனேயில் சுகோய் போர்விமானத்தில் பறந்துட்டாரே.

போன வருஷம் அண்ணன் காய்ச்சலில் இறந்துட்டார். கம்ப்யூட்டரை அவங்க அம்மா துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. நேத்து தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வந்து ஓட்டுப்பா"ன்னாங்க. மதுரையில் ஏறி, ராமேஸ்வரத்தைச் சுத்தி, மதுரையிலேயே இறக்கினேன். பக்கத்து நாற்காலியில் அவங்க உட்கார்ந்திருந்தாங்க.

- பத்தாம் வகுப்பு 'ஆ' மாணவன்