காதுல வைக்கிறதை வாயில வச்சு...

மவுத் ஆர்கன்னா நம்ம ஊர்ல டூர் பஸ்ல ஊதுற சாமான். ஆனா லிட்டில் வால்ட்டர்னு ஒருத்தர் 1952ல சிகாகோவுல 'ஜூக்'னு ஒரு ரெக்கார்டு போட்டார், கேட்டுப் பாருங்க. சாக்ஸபோனான்னு சந்தேகம் வரும். விஷயம் ஊதுறதுல பாதி, மைக்ல பாதி. சின்ன மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து ரெண்டு கையாலயும் காத்துப் போகாம பொத்திக்கணும். அதை வால்வு ஆம்ப்ளிஃபயர்ல கொடுத்தா கரகரன்னு உறுமும்.

இதுக்குப் பேர் போன மைக் ரெண்டு. ஒண்ணு ஷ்யூர் கம்பெனியோட கிரீன் புல்லட், 1949ல வந்தது. இன்னொண்ணு அஸ்டாட்டிக் ஜேடி-30. பழசா அமெரிக்காவுல இருந்து வரவழைக்கணும்னா ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து என் செமஸ்டர் ஃபீஸைத் தொடும். (பி.காம். படிக்கிறவன்கிட்ட லேண்டட் காஸ்ட் பத்திப் பேசாதீங்க.) அதுலயும் ஜேடி-30 உள்ள இருக்கிறது ரோஷல் உப்புப் படிகம். ஈரம் ஆகாது, 55 டிகிரி தாண்டுனா செத்துரும். மே மாசம் கப்பலூர் வெயில்ல நிக்கிற கார்ல மறந்து வச்சா கதை முடிஞ்சுது.

பழைய கிரீன் புல்லட் வேற மாதிரி. காந்தம், கம்பிச்சுருள், மெல்லிசா ஒரு தகடு, அவ்வளவுதான். இதே மூணும் வேற எங்க இருக்கு? டயல் சுத்துற பழைய கறுப்பு டெலிபோன்ல! பேசுற பக்கம் இல்லைங்க, அது கரித்தூள், கரண்ட் கொடுக்காம வேலை செய்யாது. கேக்குற பக்கம். கரண்ட் கொடுத்தா தகடு ஆடிச் சத்தம் வரும். தகட்டை நாம ஊதி ஆட்டுனா கரண்ட் வரும்.

திருமங்கலத்துல ஒரு காயலான் கடையில பெங்களூர் ஐ.டி.ஐ. போன் ஒண்ணு, 80 ரூபாய். ரிசீவர்ல காதுப் பக்கத்தை மட்டும் ஹாக்ஸா பிளேடால அறுத்தேன். பின்னாடி ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சு, சுத்தி சைக்கிள் டியூப் ரப்பர் மாட்டியாச்சு. கையில வழுக்காது, காத்தும் கசியாது. ரெண்டு ஒயரை ஷீல்டு கேபிள்ல பத்த வச்சு ஜாக் போட்டாச்சு. மைக் செட் ஆம்ப்ளிஃபயர்ல மைக் இன்புட்ல நேரா சொருகலாம். கிடார் ஆம்ப்னா நடுவுல மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், இல்லைன்னா சத்தம் ஈனஸ்வரத்துல வரும்.

தெரிஞ்ச மைக் செட் அண்ணன் கடையிலதான் சோதனை. "டெலிபோனைக் காதுலதானப்பா வைப்பாய்ங்க?"ன்னார். ஊதுனேன். கையை இறுக்கிப் பொத்துனதும் கீச்சுச் சத்தம் போய் அடிக்குரல்ல உறுமுச்சு பாருங்க, ரெண்டு தெரு நாய் எந்திரிச்சு நின்னுச்சு. வால்யூமை ஏத்துனா ஊய்னு விசில் அடிக்குது, அதனால ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டாம பக்கவாட்டுல தள்ளி நிக்கணும்.

அண்ணனும் வாங்கி "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு சொல்லிப் பார்த்தார். டெலிபோன்ல 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதானே, ட்ரங்க் கால் பேசுன மாதிரியே இருந்துச்சு.

"திருவிழாவுக்கு ஆகாது தம்பி"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.