தண்டவாளம் பூண்ட பளுத்தண்டு

கன்னட நாட்டெல்லையை அடுத்த ஓசூர்ச் சிப்காட்டில் இரவு முறை முடித்து, விடியலில் தேகப்பயிற்சிச் சாலை புகும் எம்மனோர்க்கு அருகில் நிற்பார் எவருமிலர். மல்லாந்து படுத்துத் தூக்கும் பளுத்தண்டு மார்பின்மேல் அமர்ந்துவிடின் எடுத்துவிடுவார் யார்? இவ்வச்சத்தாலேயே ஸ்மித் இயந்திரத்தை நாடினோம். 1950-களில் அமெரிக்கரான ஜாக் லாலேன் வகுத்த அமைப்பினின்று வளர்ந்தது அது. இரு தூண்களிடையே தண்டு மேலுங் கீழுமே இயங்கும். மணிக்கட்டைத் திருப்பியவுடன் கொக்கி தூணைப் பற்றிக்கொள்ளும். கீழே தடைக்கட்டைகளும் உண்டு. அவற்றை மார்பின் உயரத்திற்கு நிறுத்தாமற் படுப்பது மடமை.

ஆயினும் தண்டின் தள்ளாட்டத்தை அடக்கும் வேலையையும் இயந்திரமே ஏற்றுக்கொள்கின்றது. ஆறு திங்கள் அதிற் பழகியபின், 20 கிலோத் தண்டொன்றைக் கட்டின்றி உயர்த்தினோம். ஒரு தோள் முந்த, மற்றது பிந்திற்று. அதுமுதல் நண்பர் உடன்வரும் ஞாயிறுகளில் கட்டற்ற தண்டு. ஏனைய விடியல்களில் இயந்திரம்.